காலை விடாத செருப்பு

நொச்சிமேட்டில் மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக்குகிற சேகோ மில்லில் தீர்த்தகிரியின் செருப்பு காலை விட்டுக் கழல மாட்டேன் என்று அடம் பிடித்தது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. மணி எப்படித் தெரியும் என்றால், ஒன்பதரைக்குத்தான் மில்லுக்கு டீ வரும். டீ வந்து, ஆறி, ஆடை கட்டி, ஈ விழுந்து, அதைக் கீழே ஊற்றுகிற வரைக்கும் அவன் கழிவுத்தண்ணித் தொட்டியின் வாயோரம் ஒற்றைக் காலில் நின்று செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். புதுச் செருப்பும் இல்லை. ரெண்டு வருஷம் தேய்ந்து, குதிகால் காகிதமாகி, வாரில் ஊக்கு குத்தின ரப்பர் செருப்பு, நடக்கும்போதே கழன்று பின்னால் போய் விழுகிற ரகம். அது அன்றைக்குக் காலைக் கவ்விக்கொண்டது, விடவில்லை, அவ்வளவுதான்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. கிழங்குப் பால் படுகிற இடத்தில் செருப்புக் கால் படக்கூடாது. மாவு படிகிற பால் தொட்டியில் மட்டுமா, அரைத்துப் பிழிந்த கழிவுத்தண்ணியெல்லாம் போய்ச் சேர்ந்து புளித்து நொதித்துக் கிடக்கிற அந்தத் தரையடித் தொட்டியிலும் அப்படித்தான். நாற்றத்தில் குடல் வெளியே வந்தாலும் சரி, இறங்குகிறவன் செருப்பைக் கழற்றி வாயோரம் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் இறங்குவான். ஏன் என்று கேட்டால், கிழங்குதானே சோறு போடுகிறது என்பார்கள். அதனால் செருப்பு கழலாதவன் தொட்டிக்குள் இறங்குவது என்கிற பேச்சே அங்கே கிடையாது.

மேஸ்திரி அங்கமுத்து வந்து பார்த்தார். ரெண்டு பேரை விட்டு இழுக்கச் சொன்னார். தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். கடைசியில் நானே இறங்குகிறேன் தள்ளு என்று தன் தோல் செருப்பைக் கழற்றப் போனார், அதுவும் வரவில்லை. பத்தடி தள்ளி வேப்பமரத்தடிக்குப் போனால் செருப்பு சமர்த்தாகக் கழன்றது, தொட்டி வாய்க்கு வந்தால் மறுபடி ஒட்டிக்கொண்டது. இழுத்து, தள்ளி, சிரித்து, சண்டை போட்டு மணி ஒன்றாகிவிட்டது. அதற்குள் மூடி திறந்தபடியே கிடந்ததும், வேர்வை தாங்காமல் எவனோ மாவு உலர்த்துகிற பெரிய ஃபேனை இழுத்து வந்து தொட்டி வாய்ப்பக்கம் ஓடவிட்டதும் யார் கணக்கிலும் இல்லை. ஒன்றரைக்கு எல்லார் காலிலும் செருப்பு தானாகத் தளர்ந்தது. தீர்த்தகிரி இறங்கினான், அள்ளினான், ஏறி வந்தான், பசிக்கிறது என்றான்.

கிழங்கு உரிக்கிற கொட்டகையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனம் மட்டும் அவன் ஏறி வருகிற வரைக்கும் ஒரு கிழங்கும் உரிக்கவில்லை. அவள் தீர்த்தகிரியின் அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே தொட்டியில் நாலு பேர் செத்தார்கள். முதலில் இறங்கினவன் விழுந்தான், அவனைத் தூக்க இன்னொருத்தன் குதித்தான், அவனைத் தூக்க மூன்றாவதாக அவள் புருஷன் மாதையன் குதித்தான், மாதையனைத் தூக்க நாலாவது ஆள் குதித்தான். எண்ணி நாலு நிமிஷம். ஊர் அவர்கள் நாலு பேர் படத்தையும் பஸ் நிறுத்தத்தில் பெரிதாக வைத்து மாலை போட்டது. கூட வேலை செய்கிறவன் உள்ளே கிடக்க வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற ஊரா இது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. தொட்டிக்குள் இருந்த கெட்ட காற்றைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. தொட்டி காவு கேட்டது, கொடுத்தோம் என்றார்கள். மாதையனுடைய அண்ணன்தான் மேஸ்திரி அங்கமுத்து. அன்றைக்கு அவர் ஆத்தூருக்குப் போயிருந்தார். நான் இருந்திருந்தால் நானும் குதித்திருப்பேன் என்று மூன்று வருஷமாகக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். பூங்காவனத்துக்கு இனி மிச்சமிருக்கிற ரத்த சொந்தம் தம்பி ஒருத்தன்தான். அவனும் அதே தொட்டிக்குள் இறங்குகிறான்.

செருப்பு விஷயம் மூன்றே நாளில் ஊரைத் தாண்டிப் போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, நொச்சிமேட்டுக்காரர்கள் அதைக் கையாண்ட விதமே தனி. ஐயோ பேய் என்று ஒருத்தர் அலறவில்லை, பொய் என்று ஒருத்தர் மறுக்கவில்லை. அடுத்த ஊர் சேகோக்காரர்கள் வண்டி கட்டி வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் தொட்டியோரம் நின்றார்கள், அங்கேயும் செருப்பு கழலவில்லை. கிணறு தூர் வாருகிறவர்கள் கிணற்று மேட்டில் நின்றார்கள், கழலவில்லை. கழிவறைத் தொட்டி சுத்தம் செய்ய லாரியோடு வந்தவர்கள் மூடியைத் திறந்தார்கள், ஆறு பேருக்கும் கழலவில்லை, வீட்டுக்காரர் கெஞ்சியும் அவர்கள் இறங்கவில்லை, குழாயைப் போட்டு உறிஞ்சிக்கொண்டு போனார்கள். கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார் காற்றை அளக்கிற கருவியோடு வந்தார். கருவி கீச்சென்று கத்துகிற இடத்தில் செருப்பு இறுகியது, கருவி வாயை மூடுகிற இடத்தில் செருப்பு கழன்றது. வாத்தியார் தன் ஷூவைக் கழற்ற முடியாமல் அரை மணி நேரம் தொட்டியோரம் குந்தியிருந்துவிட்டு, செருப்பு சொல்வது சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தார்.

அதற்கப்புறம் செருப்புக்கு வந்த வாழ்வைக் கேட்கவேண்டுமே. வாசலில் வெயிலும் மழையும் தின்றுகொண்டிருந்த செருப்பெல்லாம் வீட்டுக்குள்ளே வந்தது, அலமாரியில் ஏறியது, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வாங்கியது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவர்கள் மாப்பிள்ளை செருப்பு பெண்வீட்டு வாசலில் சுலபமாகக் கழன்றதைப் பார்த்து அங்கேயே தட்டு மாற்றினார்கள், வேறொரு வீட்டில் வாரில் சேறு பிடித்து லேசாக மாட்டிக்கொண்டதற்கு நல்ல சம்பந்தம் ஒன்று நின்றே போனது. ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளர் எந்த வாசலிலும் நிற்காமல் வெறுங்காலோடு ஊரைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். சும்மா கிடந்த ஒரு பொருள் இப்படிக் கெட்டதையும் நல்லதையும் சொல்ல ஆரம்பித்தால் மனுஷனுக்கு என்ன தோன்றும், எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டுத் தூங்கத்தான் தோன்றும்.

முதலாளி சோலையப்பனுக்கும் அதேதான் தோன்றியது. முதல் வாரம் வேலை கெடுகிறது என்று குதித்தவர் மறு வாரம் தொட்டியோரம் நீலப் பலகை நட்டார். செருப்பு கழன்றால் மட்டுமே இறங்கவும் என்று அதில் எழுதியிருந்தது. அவ்வளவுதான் பாதுகாப்பு. ஃபேனை ஓடவிட்டால் செருப்பு சீக்கிரம் கழலும் என்று ஆட்களும் கண்டுகொண்டார்கள். செருப்பு கழன்றுவிட்டதே இனி எதற்கு என்று உடனே ஃபேனை நிறுத்தி உலர்த்துகிற களத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள்; உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே ஒரு ஆள் நிற்பதும் வேண்டியதில்லை என்று ஆயிற்று.

பூங்காவனம் போய்க் கேட்டாள். "செருப்பு கழண்ட அப்புறம் உள்ள போறவன் காலுல செருப்பு இல்லீங்களே முதலாளி. உள்ள ஒன்னு ஆனா அவனுக்கு யாரு சொல்றது?"

"இத்தன நாளு செருப்பா சொல்லுச்சு? நாமளாத்தான பொழச்சோம்" என்றார் சோலையப்பன்.

"நாலு பேரு பொழைக்கலீங்க."

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். பூங்காவனம் வாதாடவில்லை. மோட்டார் தூக்குகிற இரும்பு முக்காலியைக் கொட்டகையிலிருந்து தானே இழுத்து வந்து தொட்டி வாய்க்கு மேல் நிறுத்தினாள், அதன் கப்பியில் கயிறு கோத்தாள், ஒரு முனையைத் தம்பியின் அக்குளுக்கடியில் சுற்றி நெஞ்சில் முடிந்தாள், மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு தொட்டி வாயில் உட்கார்ந்தாள். மில்லே சிரித்தது. செருப்புக் காவல்காரி என்று பெயர் வைத்தார்கள். தீர்த்தகிரிக்கு மானம் போயிற்று.

"என்னை என்ன சந்தைக்கு ஓட்டிட்டுப் போறியா, மாட்டைக் கட்டற மாதிரி கட்டற?"

"மாடுன்னா இவ்ளோ கவலப்பட மாட்டேன். எறங்கு. எறங்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டே இரு. வாய மூடாத."

"திட்டணுமா?"

"ஆமா. உன் சத்தம் எனக்குக் கேக்கணும். பாடச் சொன்னா வெக்கப்படுவ. திட்டறதுன்னா உனக்கு நல்லா வரும்."

அப்படித்தான் ஆயிற்று. அவன் உள்ளே அள்ளிக்கொண்டே அவளைத் திட்டுவான், அவள் வெளியே கயிற்றைப் பிடித்தபடி உம் கொட்டுவாள்; சின்ன வயதில் அவன் பங்கு முறுக்கைத் தின்றது முதல் அவன் கல்யாணத்தில் மாமியார் வீட்டாரிடம் வாயாடியது வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திட்டுவான். கிழங்கு உரிக்கிற பெண்கள் அதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெயில் பதினோரு மணிக்கே கொதித்தது. ரெண்டு வாரமாக ஆள் இறங்காத தொட்டியில் தண்ணியை இறைத்துவிட்டார்கள், அடியில் கிழங்குச் சக்கையான திப்பியும் சேறும் பாளம் பாளமாக இறுகிக் கிடந்தது. ஃபேன் ஓடியது, செருப்பு கழன்றது, ஃபேன் களத்துக்குப் போனது. தீர்த்தகிரி ஏணியில் இறங்கினான். அவன் செருப்பு வாயோரம் ஜோடியாக இருந்தது. செருப்பு பொய் சொல்லவில்லை, அந்த நேரத்துக் காற்று நல்ல காற்றுதான். ஆனால் சேற்றுக்கு அடியில் அடைந்து கிடந்த காற்றைச் செருப்பு எங்கே கண்டது? அவன் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான், பாளம் பிளந்தது, கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

"அன்னிக்கு நம்மப்பன் வாங்கியாந்த சட்டையை நீதான்..." என்று திட்டிக்கொண்டிருந்தவன் அதற்குமேல் சொல்லவில்லை.

பூங்காவனம் உம் கொட்ட வாயெடுத்து நிறுத்தினாள். அவள் காலில் தொளதொளவென்று கிடந்த செருப்பு சட்டென்று இறுகிப் பாதத்தைக் கவ்வியது, வார் விரலிடுக்கில் வெட்டுகிற மாதிரி இறுகியது. கையிலிருந்த கயிறு கனத்தது. எட்டிப் பார்க்கக் குனிந்தவள் அரை நொடியில் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தம்பி விழுந்துட்டான் ஓடியாங்க என்று போட்ட கூச்சலில் அரவை மெஷின் சத்தமே அடங்கிப்போனது.

வந்தார்கள். ஐயோ, எப்படி வந்தார்கள். களத்திலிருந்தும் கொட்டகையிலிருந்தும் லாரியடியிலிருந்தும் செருப்போடும் சேற்றோடும் ஓடி வந்தார்கள், எல்லார் முகத்திலும் பஸ் நிறுத்தத்துப் படம் தெரிந்தது, எல்லார் கண்ணும் அந்த ரெண்டடி ஓட்டையிலேயே இருந்தது. இந்த ஊர்க்காரனுக்குக் கயிறு கண்ணில் படாது, அவனுக்குத் தெரிந்தது குதிப்பது ஒன்றுதான். எல்லாருக்கும் முன்னால் அங்கமுத்து ஓடி வந்தார். மூன்று வருஷமாக அவர் ஓடிவரக் காத்திருந்த ஓட்டம் அது.

"தள்ளும்மா, நான் எறங்கறேன்."

"வேண்டாம் மாமா. கயித்தப் புடிங்க."

"தள்ளுன்னு சொல்றேன்." அவர் செருப்போடு ஒரு காலை ஓட்டைக்குள் வைத்துவிட்டார். வழக்கமாவது ஒன்றாவது, அந்த நேரத்தில் எவன் பார்ப்பான்.

புருஷனுடைய அண்ணன் எதிரே வந்தால் பூங்காவனம் எழுந்து நிற்கிறவள், முந்தானையை இழுத்துப் போர்த்துகிறவள், அவர் நிழல்மேல் கால் படாமல் ஒதுங்குகிறவள். அந்தப் பூங்காவனம் ரெண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி, கழலாத செருப்புக் காலைத் தூக்கி அவர் நெஞ்சிலே ஓங்கி ஓர் உதை விட்டாள். மனுஷன் மல்லாக்க விழுந்தார். அடுத்து வந்தவனுக்குத் தொடையில் ஓர் உதை. அதற்கடுத்தவன் தீர்த்தகிரியின் மச்சினன், பெண் கொடுத்த வீட்டுக்காரன், அவனுக்கு முழங்காலில். இன்னும் ரெண்டு பேருக்கு எங்கே பட்டது என்று அவளுக்கே தெரியாது. சுழன்று சுழன்று உதைத்தாள். அழுதுகொண்டே உதைத்தாள், கெட்ட வார்த்தை சொல்லி உதைத்தாள்.

"எவனாச்சும் எறங்குனீங்க, கொன்னுபோடுவேன். நாலு போதும்டா. கயித்துலதான் இருக்கான் என் தம்பி, இழுங்க, இழுங்கடா."

செருப்படி பட்டவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு இணையே கிடையாது. உதை வாங்கின அஞ்சு பேரும் அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் கயிற்றில் காட்டினார்கள். கப்பி கிறீச்சிட்டது, முக்காலி ஆடியது, பூங்காவனம் எண்ணினாள், அவர்கள் இழுத்தார்கள், எண்ணினாள், இழுத்தார்கள். ஓட்டையில் முதலில் தலை வந்தது, தொங்கின தலை, அப்புறம் தோள், அப்புறம் சேறு வழிகிற உடம்பு முழுக்க வந்தது. வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போனார்கள். சட்டையைக் கிழித்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். லாரி டிரைவர் வாயோடு வாய் வைத்து ஊதினார். ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் செய்தார்கள். ஊதினார், அமுக்கினார்கள், ஊதினார்.

தீர்த்தகிரி வாந்தியெடுத்தான். மூச்சை இழுத்தான், விட்டான். மறுபடி இழுத்தான்.

பூங்காவனம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்துபோய் பெண்கள் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கும் சிரித்தாள்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்குள் சுற்றுப்பட்டு மில்லெல்லாம் ஆட்கள் பேசி வைத்தாகிவிட்டது. ஃபேன் கடைசி ஆள் ஏறி வருகிற வரைக்கும் ஓடவேண்டும், கயிறு நெஞ்சில் இருக்கவேண்டும், தொட்டி வாயில் ஓர் ஆள் நிற்கவேண்டும், அந்த ஆள் எந்தக் கொம்பனையும் உதைக்கத் தெரிந்த ஆளாக இருக்கவேண்டும். ரெண்டு மில்லிலிருந்து பூங்காவனத்தைக் கூப்பிட்டே ஆள் விட்டார்கள். உங்க ஊரிலேயே நல்லா உதைக்கிற பொம்பளைங்க இருப்பாங்களே, என்னை எதுக்கு அலைய விடறீங்க என்று திருப்பி அனுப்பினாள். சோலையப்பன் பலகையைப் பிடுங்கிப் போட்டார். எல்லாம் சரியாயிற்று, ஒன்று மட்டும் பாக்கியிருந்தது. அஞ்சு ஆம்பளைகள், அதிலும் புருஷனுக்கு மூத்தவர் ஒருத்தர், ஊர் பார்க்க ஒரு பெண்ணிடம் செருப்படி வாங்கியிருக்கிறார்கள். தம்பி பிழைத்தது வேறு, இது வேறு என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அஞ்சு பேரையும் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருத்தர் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பெண்கள் முணுமுணுத்தார்கள். தீர்த்தகிரி எழுந்து, என் அக்கா எவன் காலிலும் விழமாட்டா என்றான். பூங்காவனம் அவன் கையை அழுத்தி உட்கார வைத்தாள்.

"விழறேன்" என்றாள். "அஞ்சு பேரு காலுலயும் விழறேன். சந்தோசமா விழறேன்."

சொன்னதற்குத் தகுந்த மாதிரியே விழுந்தாள். கடமைக்குத் தொட்டு எழுகிற விழுகை இல்லை. முதல் ஆளின் பாதத்தை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வெடிப்பு விட்டுக் கரடுமுரடாக இருந்த அந்தப் பாதம் வெயிலில் நடந்து வந்த சூட்டோடு இருந்தது. ரெண்டாவது ஆளுக்குக் கூச்சத்தில் கால் வேர்த்துப்போயிருந்தது. தம்பியின் மச்சினன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், விடாமல் பிடித்து, கணுக்கால் நரம்பு துடிப்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். நாலாவது ஆள் போதும்க்கா, போதும்க்கா என்றான். பெரியவர் ஒருத்தர், சட்டுனு முடிம்மா என்றார். அவள் காதில் வாங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் விழுந்த கால் ஒன்று உண்டு. மாதையனுடைய கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டச் சொன்னார்கள், அவளேதான் கட்டினாள். பச்சைத் தண்ணியில் கிடந்த கல் மாதிரி இருந்தது அது. ஆற்றமாட்டாமல் அந்தச் சில்லிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தவளை ரெண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள்.

கடைசியாக அங்கமுத்துவின் முன்னால் வந்தாள். அவர் ரெண்டு காலையும் பெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் தாயி."

"கால குடுங்க மாமா. ஊரு தீர்ப்பு."

"நான் எறங்கியிருந்தா..."

"எறங்கியிருந்தா இன்னிக்கு உங்களுக்குப் பத்தாம் நாளு காரியம்."

அவர் உதை பட்ட இடத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டார். அப்புறம் மெல்லக் கேட்டார், "நாளைக்கு இன்னொருத்தன் உள்ள விழுந்து நான் ஓடியாந்தா, மறுபடியும் ஒதைப்பியா?"

"இதே நெஞ்சுல ஒதைப்பேன் மாமா."

அங்கமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். பெஞ்சிலிருந்து காலைக் கீழே இறக்கி மண்ணில் வைத்தார். பூங்காவனம் குனிந்து அந்தப் பாதங்களில் கன்னத்தை வைத்தாள். அவள் கண்ணீர் பட்டதும் அவருடைய கட்டைவிரல் ரெண்டும் தனித்தனியாக அசைந்தன.